கிரேயானை உருக்கித் துணியில் ஸ்டென்சில் போட்டவர்கள் வாருங்கள்: துவைத்தால் நிற்கிறதா?

கொடிமுல்லை (திருச்சி)

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகள் இரண்டு வருஷமாக உடைத்துப் போட்ட மெழுகு கிரேயான் துண்டுகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சேர்ந்துவிட்டன. தூக்கிப் போட மனசு வரவில்லை. இந்த லீவில் அதை வைத்தே தலையணை உறைக்குக் கிளி, மாங்காய், மீன் என்று ஸ்டென்சில் வெட்டிப் போட்டுப் பார்த்தோம். நாலு உறை முடிந்திருக்கிறது. செய்த விதத்தை முழுசாக எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். கடைசியில் ஒரு சந்தேகமும் இருக்கிறது.

துணி வெள்ளைக் காட்டன். புதுத்துணியில் கஞ்சி இருக்கும் என்பதால் ஒரு தடவை சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, தேய்த்து எடுத்துக்கொண்டேன். ஸ்டென்சிலுக்கு மாமனாரின் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுத் துடைத்தால் கறுப்பெல்லாம் கழன்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும். (கையுறை போட்டுக்கொண்டு, வாசலில் வைத்துச் செய்யுங்கள்.) படத்தைக் கீழே வைத்து, ஃபிலிமை மேலே பொருத்தி, பேப்பர் கட்டரால் வெட்டினேன். கனமாக இருப்பதால் ஓரம் மடியவில்லை.

உறைக்குள் ஒரு அட்டையைச் செருகி, துணியை இழுத்துப் பிடித்து நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும். அதன் மேல் ஸ்டென்சில். கிரேயானை எப்போதும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித்தான் இழுக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் துணி சுருங்கி, கிரேயான் ஃபிலிமுக்கு அடியில் போய்விடுகிறது. அழுத்தி, இரண்டு தடவை, இழை தெரியாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். லேசாகத் தேய்த்த இடமெல்லாம் சூடு பட்டதும் வெளிறிப் போனது.

பிறகு ஸ்டென்சிலை எடுத்துவிட்டு, மேலே வெள்ளைத்தாள், அதற்கு மேல் நியூஸ் பேப்பர், அதற்கு மேல் இஸ்திரிப் பெட்டி. முதல் உறையில் நான் சட்டை தேய்க்கிற மாதிரி பெட்டியை இழுத்துவிட்டேன். கிளியின் பச்சை வாலிலிருந்து அலகு வரை ஒரே பட்டையாக இழுபட்டுவிட்டது. பெரியவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேய்த்தது அது. இரண்டாவதிலிருந்து பெட்டியை நேராக வைத்து, பத்து எண்ணி, நேராகத் தூக்கினேன். தாளை எடுத்துப் பார்த்தால் கிளி அப்படியே எண்ணெய்க் கறையாகத் தாளில் தெரிகிறது. தாளை மாற்றி மறுபடி. நாலைந்து தாள் மாற்றிய பிறகு கறை வருவது நிற்கிறது. அதற்குள் துணியில் கிளி முதலில் இருந்ததைவிட அழுத்தமான பச்சையில், இழைக்குள் இறங்கி, மழமழப்பு இல்லாமல் நிற்கிறது. அந்தப் பச்சையைப் பார்த்த பிறகுதான் எனக்கு இதில் பைத்தியமே பிடித்தது.

சந்தேகம் இதுதான்: இன்னும் ஒரு தடவைகூடத் துவைக்கவில்லை. பயமாக இருக்கிறது. யாராவது துவைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

புதுஅம்மா_மதுரை

அக்கா, ரொம்ப அழகான ஐடியா. நானும் நேற்றே முயற்சி பண்ணேன். ஆனா என் பையனோட கிரேயான் உருகவே இல்ல. சூட்டை ஏத்தினா தாளோட ஒட்டிக்கிட்டு, எடுக்கும்போது தோல் மாதிரி பிஞ்சு வருது. என்ன தப்பு பண்ணேன்?

கொடிமுல்லை

தங்கச்சி, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், ‘பிளாஸ்டிக் கிரேயான்’ என்று இருக்கும். இப்போது கடையில் பாதி அதுதான், கையில் ஒட்டாது, ரப்பரால் அழிக்கலாம் என்று வாங்குகிறோம். காகிதத்துக்கு நல்லது, இந்த வேலைக்கு ஆகாது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: மெழுகு கிரேயான் என்றால் நகத்தடியில் மாவு மாதிரி சேரும், மற்றது வழுக்கும். ஆயில் பேஸ்டலும் வேண்டாம். உருகும், ஆனால் அதிலுள்ள எண்ணெய் படத்தைச் சுற்றி வட்டமாகப் பரவிவிடும். என் மூன்றாவது உறையில் மீனின் ஒரு கண்ணுக்குப் பேஸ்டல் வைத்தேன், அந்தக் கண்ணைச் சுற்றி மட்டும் பஜ்ஜி வைத்த தாள் மாதிரி இருக்கிறது.

நூல்கண்டு (கோவை)

நான் இருபது வருஷமா தையல் கடை வச்சிருக்கேன். துவைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி வினிகரும் கல்லுப்பும் போட்ட தண்ணில ஊற வச்சிருங்க. கலர் பிடிச்சுக்கும். ஃபேப்ரிக் பெயின்ட்டுக்கும் அப்படித்தான் சொல்லுவேன். எங்கம்மா புதுச் சுங்குடி எடுத்தா முதல் தண்ணி உப்புத் தண்ணிதான்.

சாயப்பட்டறை (ஈரோடு)

நூல்கண்டு அம்மாவின் அனுபவத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்த இடத்தில் அது பலிக்காது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த உப்பு, வினிகர் சமாச்சாரத்தை நம்பி நிறையப் பேர் நல்ல துணியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

துணியில் நிறம் இரண்டு வகையில் நிற்கும். ஒன்று சாயம். அது தண்ணீரில் கரைந்து நூலுக்குள் போகிறது. ரியாக்டிவ் சாயம் என்றால் பருத்தியோடு வேதியியல் முறையிலேயே பிணைந்துகொள்ளும். 1956ல் ஐ.சி.ஐ. கம்பெனி புரோசியான் என்ற பெயரில் கொண்டுவந்தது அந்த வகைதான், எங்கள் பட்டறைகள் எல்லாம் அதன் பிள்ளைகளை வைத்துத்தான் ஓடின. இன்னொன்று நிறமி, பிக்மென்ட் என்போம். அது கரையாது. அரைத்த தூள். நூலின் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அதைப் பிடித்து வைக்க ஒரு பசை வேண்டும். ஆலையில் பிக்மென்ட் பிரிண்ட் போட்டால் பைண்டர் கலந்து, 150 டிகிரியில் சில நிமிடம் சூடு காட்டி இறுக்குவோம். வீட்டில் வாங்கும் ஃபேப்ரிக் பெயின்ட்டில் அந்தப் பசை அக்ரிலிக்காக உள்ளேயே இருக்கிறது.

கிரேயானில் இருப்பது பாரஃபின் மெழுகும் நிறமியும். பசை கிடையாது. மெழுகுதான் அங்கே பசை. இப்போது வினிகர் என்ன செய்யும்? அது கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயத்துக்கு உதவும். பருத்திக்கு அதில் வேலை இல்லை. உப்பு, சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூல் பக்கம் தள்ளும். அதனால் சாயத்தொட்டியில் போடுகிறோம். உங்கள் அம்மா முதல் தண்ணீரில் போட்ட உப்பு அந்த ஒரு தண்ணீரில் சாயம் இறங்குவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியிருக்கும், நிரந்தரமாகப் பிடிக்க வைத்திருக்காது. கரையாத தூளுக்கு இரண்டும் ஒன்றும் செய்யாது.

கொடிமுல்லை அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மெழுகை எவ்வளவு எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தடியாக மேலே நின்றால் துணி விறைக்கும், மடித்த இடத்தில் வெடித்து உதிரும், நிறமும் சேர்ந்து உதிரும். முழுக்க எடுத்துவிட்டாலோ தூளைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. தாளில் கறை வருவது நின்றதும் நீங்கள் நிறுத்தினீர்களே, அதுதான் சரியான இடம். இழைக்குள் கொஞ்சம் மெழுகு மிச்சம் இருக்கிறது, அது நிறத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அந்த மிச்சத்தை வெந்நீருக்கும் சோப்புத் தூளுக்கும் பறிகொடுக்காமல் இருக்க வேண்டும். பாரஃபின் தரத்தைப் பொறுத்து 46 முதல் 68 டிகிரிக்குள் உருகிவிடும். வாஷிங் மெஷினில் 60 டிகிரி வைத்தால் கதை முடிந்தது. பச்சைத் தண்ணீர், பூந்திக்கொட்டையோ மிருதுவான சோப்போ, கையால் அலசி, உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் காயவையுங்கள்.

நூல்கண்டு

ஐயா, இத்தனை வருஷமா யாரும் இப்படிப் பிரிச்சுச் சொல்லல. சாயம் வேற, நிறமி வேறன்னு இன்னைக்குத்தான் புரியுது. ஒரு சந்தேகம்: கிரேயான் மேல ஃபேப்ரிக் மீடியம் (பெயின்ட்டோட கலக்குற பசைத் திரவம்) ஒரு கோட்டு அடிச்சா பசை கிடைக்குமே?

சாயப்பட்டறை

நல்ல யோசனைதான் அம்மா. ஆனால் மெழுகின் மேல் தண்ணீரில் கரைந்த பசை ஒட்டாது, முத்து முத்தாக உருளும். வேலையைத் தொடங்குவதற்கு முன் துணியில் மீடியத்தைப் பூசிக் காயவைத்தாலும் கிரேயான் இழைக்குள் இறங்காமல் மேலே நிற்கும். அடிக்கடி துவைக்க வேண்டிய துணி என்றால் ஃபேப்ரிக் பெயின்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேயானைக் கிரேயானாக இருக்க விடலாம்.

பனிநிலா (டொரொண்டோ)

இங்கே கிடைக்கிற ஒரு பொருளைச் சொல்கிறேன், ஊரிலிருந்து யாராவது வந்தால் வாங்கிப் போகச் சொல்லலாம். இறைச்சி சுற்ற ‘ஃப்ரீசர் பேப்பர்’ என்று விற்கிறார்கள். ஒரு பக்கம் சாதாரணத் தாள், மறு பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. தாள் பக்கம் வரைந்து வெட்டி, பூச்சுப் பக்கம் துணியில் படும்படி வைத்து, மிதமான சூட்டில் தேய்த்தால் துணியோடு தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். ஓரம் எழும்பவே எழும்பாது. கிரேயான் தேய்த்து முடித்ததும் உரித்தால் துணியில் எதுவும் மிச்சமிருக்காது. ஊரில் பட்டர் பேப்பரை இதற்குப் பதிலாகப் போட்டுப் பார்க்கிறார்கள். அது ஒட்டாது, ஒட்டாமல் இருப்பதற்காகவே செய்த தாள் அது. இஸ்திரிக்கு அடியில் வைக்க நல்லது, ஸ்டென்சிலுக்கு ஆகாது.

இன்னொன்று. இங்கே ‘ஃபேப்ரிக் கிரேயான்’ என்றே தனியாக ஒரு வகை விற்கிறார்கள். ஆசையாக வாங்கி அம்மாவின் காட்டன் மேசைவிரிப்பில் நேராகப் போட்டேன், இரண்டு துவைப்பில் சாம்பலாக வெளுத்துவிட்டது. பிறகு டப்பாவைப் படித்தால், தாளில் வரைந்து, அந்தத் தாளைச் செயற்கை இழைத் துணியில் கவிழ்த்துத் தேய்க்க வேண்டுமாம். பாலியெஸ்டருக்கு ஆனது அது. பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

சாயப்பட்டறை ஐயா சொன்ன 60 டிகிரி எனக்கு நேரிலேயே நடந்தது. மெழுகைச் சரியாக எடுக்காத ஒரு டி-ஷர்ட்டை மற்றத் துணிகளோடு வெந்நீரில் போட்டு, டிரையரிலும் சுழற்றிவிட்டேன். கணவரின் வெள்ளைச் சட்டை முதுகில் ஊதாப் புள்ளிகள். தாள் வைத்துத் தேய்த்து மெழுகை எடுத்தேன், பாத்திரம் கழுவும் லிக்விடை வைத்துத் தேய்த்தேன், நிறம் முழுக்கப் போகவில்லை. டிரையர் இருக்கும் வீட்டில் கிரேயான் துணிக்குத் தனிக் கூடை வையுங்கள்.

புதுஅம்மா_மதுரை

என்கிட்ட இருக்குற துணி காட்டனா பாலியெஸ்டரான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கடையில காட்டன்னுதான் சொன்னாங்க.

நூல்கண்டு

ஓரத்துல ஒரு நூல் உருவி, இடுக்கியில பிடிச்சு, தண்ணிக் கிண்ணம் பக்கத்துல வச்சுக்கிட்டு தீக்குச்சி காட்டுங்க. காகிதம் எரியுற வாசம் வந்து, மெல்லிசா சாம்பலா உதிர்ந்தா காட்டன். சுருங்கி, உருண்டையா இறுகி, பிளாஸ்டிக் வாசம் வந்தா பாலியெஸ்டர். ரெண்டும் இருந்தா கலப்பு. நாங்க கடையில தினமும் பண்றது இது. காடா துணி எடுத்தீங்கன்னா விலையும் குறைவு, ஆனா சலவைச் சோடா போட்டு நல்லா கொதிக்க வச்சு அலசிட்டுத்தான் வேலையத் தொடங்கணும். அதுல பாவுக் கஞ்சி தடிமனா இருக்கும், கிரேயான் மேலயே நின்னுரும்.

வட்டுக்கோட்டை_ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் பள்ளிக்கூடத்தில சித்திரம் படிப்பிக்கிறனான். நீங்கள் கிரேயானைத் தேய்ச்சு உருக்கிறியள். நாங்கள் பிள்ளையளோட முதலே உருக்கிப்போட்டுத் தூரிகையால போடுறனாங்கள். இது பத்திக் (துணியில மெழுகு பூசிச் சாயத்தில முக்கிற) வேலைக்குக் கிட்டவான ஒண்டு, அதனால விரிவாச் சொல்லுறன்.

சின்னத் தகரப் பேணியளுக்குள்ள நிறம் நிறமாக் கிரேயான் துண்டுகளைப் போட்டு, அந்தப் பேணியளை ஒரு தட்டையான சட்டியில கொதிதண்ணிக்குள்ள வைக்கிறது. நேர நெருப்பில வைக்கவே கூடாது. தண்ணி 100 பாகைக்கு மேல போகாது, மெழுகு அதுக்கு முதலே உருகியிடும், அதனால புகையிற நிலைக்குப் போகாது. ஸ்டென்சிலைத் துணியில ஒட்டி, பழைய தட்டைத் தூரிகையால கெதியாப் பூச வேணும். தூரிகையைப் பேணியில இருந்து எடுத்துத் துணிக்குக் கொண்டுபோறதுக்குள்ள மெழுகு இறுகத் தொடங்கியிடும். பேணி துணிக்குப் பக்கத்திலயே இருக்க வேணும்.

பிறகு துணியைத் திருப்பிப் பாருங்கோ. மறுபக்கம் ஈரம் பட்ட மாதிரிக் கருமையாத் தெரிஞ்சால் மெழுகு ஊடுருவியிருக்கு. வெளிறித் தெரிஞ்சால் மேலால மட்டும்தான் நிக்குது, அந்த இடத்துக்குப் பின்பக்கத்தாலயும் ஒருக்காப் பூச வேணும்.

இப்ப அந்தத் துணியை அப்படியே குளிர்ந்த சாயத்துக்குள்ள போடலாம். மெழுகு இருக்கிற இடத்தில சாயம் பிடியாது. மற்ற இடமெல்லாம் நீலமாவோ கறுப்பாவோ ஆகியிடும். காய்ஞ்சாப்பிறகு தாள் வைச்சு அயன் பண்ணி மெழுகை எடுத்தால், கடும் நீலத்துக்கு நடுவில கிரேயான் நிறங்கள் மினுங்கிக்கொண்டு நிக்கும். சாயத்துக்குள்ள போட முதல் துணியை ஒருக்காக் கையால கசக்கினால் மெழுகில வெடிப்பு விழும், அந்த வெடிப்புக்குள்ள சாயம் போய் மயிர்க்கோடு மயிர்க்கோடா வரும். பாரஃபின் வெடிக்கும், தேன்மெழுகு வளையும். பத்திக் செய்யிறவை ரெண்டையும் கலந்துதான் தங்களுக்கு வேண்டிய வெடிப்பை எடுக்கிறவை. கிரேயானில பாரஃபின் எண்டபடியால் வெடிப்புத் தாராளமா வரும்.

சின்னாளப்பட்டி_பேரன்

ரீச்சர், நீங்க எழுதினதைப் படிச்சதும் எங்க ஊர் ஞாபகம் வந்துருச்சு. மதுரைச் சுங்குடின்னா முடிச்சுப் போடுறதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா எங்க பக்கம் மரக்கட்டை அச்சை உருகின மெழுகுல தொட்டுச் சேலையில வச்சு, அப்புறம் சாயத்துல முக்குற வேலையும் உண்டு. மெழுகு இருந்த இடம் வெள்ளையா வரும். சின்ன வயசுல அந்தப் பட்டறை வாசல்ல நின்னு பார்ப்பேன். அச்சு வைக்கிறவர் கட்டையத் தொட்டு, விளிம்புல ஒரு தட்டு தட்டி, சேலையில வச்சு எடுப்பார். அந்த ஒரு தட்டுலதான் அதிகப்படி மெழுகு உதிரும், இல்லன்னா புள்ளி பெருத்துப்போகும். தூரிகையில பூசுறவங்களும் பேணி விளிம்புல அதே மாதிரி ஒரு தட்டு தட்டிக்கங்க. மதுரைச் சுங்குடிக்கு 2005ல புவிசார் குறியீடு கிடைச்சது. வீட்டுல பிள்ளைங்களோட கிரேயான்ல பண்றது அந்த வேலையோட கொழுந்து மாதிரிதான் எனக்குப் படுது.

கொடிமுல்லை

ரீச்சர், பேரன் தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாயத்துக்கு வீட்டில் ஒன்றும் இல்லை, மஞ்சள்தூளைக் கரைத்துப் பார்க்கலாமா?

சாயப்பட்டறை

பிள்ளைகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு விஷயம். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். சோப்புப் பட்டால் செம்மண் நிறத்துக்கு மாறும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிற அதே சங்கதி. தண்ணீரில் அலசினால் திரும்பவும் மஞ்சளாகும். பிள்ளைகள் அதைப் பார்க்க ஆசைப்படுவார்கள். நிற்கிற நிறம் வேண்டுமென்றால் சாயக் கடையில் ‘கோல்ட் பிராண்ட்’ (Cold, குளிர்ந்த நீரில் பிடிக்கும் வகை) ரியாக்டிவ் சாயம் என்று கேளுங்கள். அறை வெப்பத்திலேயே, உப்பும் சலவைச் சோடாவும் சேர்த்தால் பருத்தியில் பிடிக்கும். மெழுகு வேலைக்கு அது தோது, ஏனென்றால் கொதிக்கவைக்கத் தேவையில்லை. தூளைக் கரைக்கும்போது தூசி மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அந்தத் தூளைச் சுவாசிக்கக் கூடாது. பட்டறையில் அதனால் மூச்சிரைப்பு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கொலுசு

தோழிகளே, இவ்வளவு நேரம் எதற்கு? நான் கரண்டியில் கிரேயானைப் போட்டு கேஸ் அடுப்பில் காட்டி நேராகத் துணியில் ஊற்றிவிடுவேன். இரண்டே நிமிடம்.

வட்டுக்கோட்டை_ரீச்சர்

தங்கச்சி, கோவிக்காதையுங்கோ, ஆனா இதைச் செய்ய வேண்டாம். கரண்டியில நேர நெருப்புப் பட்டால் மெழுகு எவ்வளவு சூடாகுதெண்டு உங்களுக்குத் தெரியாது. புகை வரத் தொடங்கினால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், அதுக்கு மேல போனால் மெழுகே தீப்பிடிக்கும். அப்பிடிப் பிடிச்சால் தண்ணி ஊத்தக் கூடாது, ஊத்தினால் நெருப்பு வெடிச்சுப் பரவும். மூடியால மூடி அடுப்பை நிப்பாட்ட வேணும். நான் வகுப்பில முதல் பாடமா இதைத்தான் சொல்லுறனான். தோலில விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும், உதறினாலும் போகாது, உடனே பச்சைத் தண்ணிக்குள்ள கையை வைக்க வேணும். நீங்களும் வீட்டில பிள்ளையளோட இருக்கிறனீங்கள். சுடுதண்ணிச் சட்டி வைக்கக் கூடுதலாப் பத்து நிமிசம்தான்.

வெள்ளிக்கொலுசு

நன்றி ரீச்சர். தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதே எனக்குத் தெரியாது. இனி சட்டிதான்.

புதுஅம்மா_மதுரை

மெழுகு கிரேயான் வாங்கிட்டேன், நல்லா உருகுது! இப்ப கோலத்தை ஸ்டென்சிலா வெட்டலாம்னு பார்த்தா, சிக்குக் கோலத்துல நடுவுல இருக்குற துண்டெல்லாம் கழண்டு விழுந்துருது. பையன் பேரை வெட்டினாலும் ‘க’ எழுத்துல நடுத் துண்டு போயிருது.

கொடிமுல்லை

அதற்குப் பாலம் விட வேண்டும். கோடு ஓடும் வழியில் அங்கங்கே அரிசி அகலத்துக்கு வெட்டாமல் விட்டுவிட்டால், நடுத் துண்டு வெளிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ட’, ‘ப’ மாதிரித் திறந்த எழுத்துக்குத் தேவையில்லை. ‘க’, ‘அ’ போல மூடிய சுழி இருக்கும் எழுத்துக்கு ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலமாவது வேண்டும், இரண்டு இருந்தால் தேய்க்கும்போது ஆடாது. ஸ்டென்சிலை எடுத்த பிறகு, பாலம் இருந்த இடத்தைக் கூராகச் சீவிய கிரேயானால் கையாலேயே மூடிவிடலாம். சிக்குக் கோலத்துக்கு வளைவின் நடுவில் பாலம் விடாதீர்கள், இரண்டு கோடு குறுக்கிடும் இடத்துக்குப் பக்கத்தில் விடுங்கள். அங்கே கண் எப்படியும் நின்றுதான் போகும், ஒட்டுப் போட்டது தெரியாது.

எழுத்துக்கு இன்னொரு வழி உப்புத்தாள். தச்சர்கள் மரம் தேய்க்கும் முரட்டுத் தாளின் சொரசொரப்புப் பக்கத்தில் கிரேயானால் அழுத்தி வரைந்து, அதைத் துணியில் கவிழ்த்து, பின்பக்கமாகத் தேய்த்தால் படம் புள்ளி புள்ளியாக இறங்கும். வெட்டும் வேலையே இல்லை. ஆனால் இடவலம் மாறும், எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுத வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டிப் பின்பக்கம் பார்த்து எழுதிக்கொண்டால் எளிது.

பனிநிலா

கருப்பு டி-ஷர்ட்டில் யாராவது போட்டீர்களா? எனக்கு மஞ்சளும் ஆரஞ்சும் துணிக்குள் காணாமலே போய்விட்டன.

சாயப்பட்டறை

கிரேயான் நிறம் ஒளியை ஊடுருவ விடும், மறைக்காது. அதனால் அடித்துணி வெள்ளையாகவோ சந்தனமாகவோ இருந்தால்தான் எடுபடும். கருப்பில் வேண்டுமென்றால் ரீச்சர் சொன்ன வழிதான்: வெள்ளைத் துணியில் கிரேயானைப் பூசிவிட்டுப் பிறகு கருப்பில் முக்குங்கள்.

கொடிமுல்லை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், முடிவு தெரியாமல் எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

நாலு உறையில் இரண்டை எடுத்துக்கொண்டு, ஐயா சொன்னபடி பச்சைத் தண்ணீர், பூந்திக்கொட்டை, கையால் அலசல். வாரம் இரண்டு தடவை, மொத்தம் ஆறு துவைப்பு. பச்சையும் நீலமும் அப்படியே இருக்கின்றன. சிவப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ரோஸ்தான் அதிகம் வெளிறியது. ஓரக்கோடு கலையவில்லை. அலசிய தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தேன்: முதல் இரண்டு தடவை அடியில் திருநீறு போல நிறத்தூள் படிந்தது, மூன்றாவதிலிருந்து தண்ணீர் தெளிவாக வந்தது.

மிச்சம் இரண்டில் ஒன்றை வேண்டுமென்றே சாதாரண சோப்புத் தூளும் சுடுதண்ணீரும் போட்டுத் துவைத்தேன். ஒரே துவைப்பில் மாங்காய் பாதியாக வெளுத்துவிட்டது. துணி மட்டும் நன்றாக மிருதுவாகிவிட்டது, மிச்சமிருந்த மெழுகும் போய்விட்டதல்லவா. ஐயா சொன்னது கையில் தொட்டுப் பார்க்கவே தெரிந்தது.

இஸ்திரிச் சூட்டிலும் ஒன்று கண்டுகொண்டேன். பெட்டியில் மூன்று புள்ளி என்றால் 200 டிகிரி வரை, இரண்டு புள்ளி 150, ஒரு புள்ளி 110. நான் எடுத்ததும் மூன்றில் வைத்துக்கொண்டிருந்தேன். மெழுகு ஒரேயடியாக உருகி, தாள் உறிஞ்சுவதற்குள் கோட்டைத் தாண்டி ஓடியது. இப்போது முதல் இரண்டு தாளுக்கு இரண்டு புள்ளி, அதில் முக்கால்வாசி மெழுகு தாளுக்குப் போனதும் கடைசி இரண்டு தாளுக்கு மூன்று புள்ளி. ஓரம் அச்சடித்த மாதிரி நிற்கிறது. துணிக்கு நேர் மேலே எப்போதும் வெள்ளைத்தாள், நியூஸ் பேப்பர் அதற்கு வெளியே. ஒரு தடவை மாற்றி வைத்துவிட்டேன், மீனின் வயிற்றில் வரிவிளம்பரம் இறங்கிவிட்டது.

நான் இனிமேல் இதைச் சுவர்த்தொங்கல், மேசைவிரிப்பு, திரைச்சீலை, கொலுப்படித் துணி, துணிப்பை இவற்றுக்குத்தான் போடப்போகிறேன். பிள்ளைகள் தினம் போடும் சட்டைக்குப் போட மாட்டேன்.

நூல்கண்டு

கொலுப்படிக்கு அருமையா இருக்கும்! ஒன்பது படிக்கு எத்தனை மீட்டர் எடுப்பீங்க? அகலத்தச் சொன்னா நான் கணக்குப் போட்டுத் தரேன்.

கொடிமுல்லை

எங்கள் வீட்டில் ஐந்து படிதான் அக்கா. படி மூன்றரை அடி அகலம், உயரமும் ஆழமும் சேர்த்து ஒரு படிக்கு ஒன்றரை அடி. முன்பக்கம் தொங்கும் இடத்தில் மட்டும் மாங்காய் வரிசை போடலாம் என்று நினைக்கிறேன். மேல்பக்கம் பொம்மை வைப்பதால் அங்கே வெறுமையாக விட்டுவிடலாம்.

நூல்கண்டு

அஞ்சு படின்னா ஏழரை அடி, மேல கீழ மடிச்சுத் தைக்க ஒரு அடி, துவைச்சா சுருங்குறதுக்கு அரை அடி. ஒன்பது அடி, மூணு மீட்டரா எடுத்துருங்க. 44 அங்குல அகலத் துணியே போதும், மூன்றரை அடிக்கு ரெண்டு அங்குலம் மிஞ்சும். முதல்ல துவைச்சுச் சுருக்கி, அப்புறம் படியில விரிச்சு சாக்பீஸ்ல கோடு போட்டு, அதுக்கப்புறம் ஸ்டென்சில் வைங்க. தச்சதுக்கு அப்புறம் போட்டீங்கன்னா தையல் மேல கிரேயான் மேடு தட்டும்.

வட்டுக்கோட்டை_ரீச்சர்

மாங்காயைக் கிரேயானால போட்டு, பின்னணிக்குக் கடும் நீலச் சாயம் குடுத்தால் விளக்கு வெளிச்சத்தில நல்லா எடுக்கும். சாயம் குடுக்கிறதெண்டால் மாங்காயை உருக்கித் தூரிகையால பூசுங்கோ, தேய்ச்சால் போதாது. முதல் ஒரு முழத் துண்டில பரீட்சிச்சுப் பாருங்கோ.

கொடிமுல்லை

துண்டு வெட்டி வைத்துவிட்டேன் ரீச்சர். நாளைக்குச் சாயம் வாங்கப் போகிறேன். பெரியவள் இன்றைக்கே உட்கார்ந்து நீலக் கிரேயானைத் தனியாகப் பொறுக்கி ஒதுக்கிவிட்டாள், நீலத்துக்குள் நீலம் தெரியாதாம். மிச்சத்தை நிறவாரியாக ஆறு கிண்ணத்தில் பிரித்து வைத்திருக்கிறாள்.